வெள்ளச்சிக்கு முதுகு காட்டாமல்

பச்சைப் புல்லை மென்ற வாயிலிருந்து கிளம்பும் சூடான மூச்சு ஒரு சாண் தூரத்திலிருந்து நேராக முகத்தில் அடித்தால் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலிருப்பதே நல்லது. எனக்குத் தெரியும், ஐம்பதைத் தாண்டிய இந்த வயதிலும் அந்த வாடை வந்தால் என் கால்கள் என்னைக் கேட்காமலே பின்னோக்கி நகரத் தொடங்கிவிடும்.

ஆவடியின் ஓரத்தில் இருந்த எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் மாடு இருந்தது. கட்டிப்போட்டுத் தீவனம் வாங்கிப்போடும் வழக்கம் அன்று யாரிடமும் கிடையாது. விடியற்காலையில் கறந்து முடித்ததும் எல்லா மாடுகளையும் ஒன்றாக அவிழ்த்துவிடுவார்கள்; நாளுக்கொரு வீடு "மேய்ச்சல் முறை" பார்க்கும். கோடையில் தண்ணீர் வற்றிய ஏரிக்குள்ளே கோரையும் அறுகும் கிடைக்கும், மழையில் ஏரி நிரம்பிவிட்டால் ராணுவ நிலத்து முள்கம்பி வேலியை ஒட்டிய மேடுதான் கதி. சாயங்காலம் தெருமுனை வரை ஓட்டிவந்தால் போதும், அவரவர் வீட்டிலிருந்து அவரவர் பாணியில் ஒரு கூப்பாடு கிளம்பும், மாடுகள் தத்தம் வீட்டுக் கழுநீர்த் தொட்டிக்குத் தாமாகவே திரும்பிவிடும். "மேயிற மாட்டுக்கு ஊடு மறக்காது, மேய்க்கிறவனுக்குத்தான் புத்தி மறக்கும்" என்பார்கள். பொதுவாகச் சொல்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அது ஒரு கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு முறை. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம், அம்மாவுக்குக் காய்ச்சல். ஆகவே பன்னிரண்டு வயதான நான் கையில் ஒரு குச்சியோடும் மனதில் படைத்தளபதி என்ற நினைப்போடும் புறப்பட்டேன். எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்காவின் வெள்ளச்சி நிறைசினை. புருஷனை இழந்த அக்காவும் அவளுடைய இரண்டு பெண்களும் அந்த ஒரு மாட்டைத்தான் நம்பியிருந்தார்கள். "இன்னும் ஒரு வாரம் ஆவும்டா குமாரு, நடந்தா நல்லா ஈனும். ஆனா தனியா ஒதுங்குச்சின்னா உட்டுடாத, கண்ணு வெச்சிகினே இரு" என்று சொல்லித்தான் அவிழ்த்துவிட்டாள்.

கண் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். உச்சிவேளையில் வெள்ளச்சி கூட்டத்தைவிட்டு விலகியதையும், அறுந்து கிடந்த கம்பி வழியே வேலிக்குள் நுழைந்ததையும், வேலிகாத்தான் புதருக்குள் வால் மறைந்ததையும் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்த வேலியில் ஒரு பலகை இருந்தது: அத்துமீறி நுழைபவர்கள் சுடப்படுவார்கள். அதையே மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள், எந்தப் பாஷைக்காரனும் தப்பிவிடக் கூடாதென்று. தளபதி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தானாக வந்துவிடும், தானாக வந்துவிடும் என்று ஜபித்தபடி பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன், அது வரவில்லை.

தெருமுனையில் அக்கா கழுநீர் வாளியோடு நின்றிருந்தாள். "எங்கடா வெள்ளச்சி?"

"ஏரிப் பக்கம் போச்சுக்கா." வாய் என்னுடையதுதான், வார்த்தை எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். ஏரி தளும்பிக் கிடந்தது. "ஹே...ம்பா! ஹே...ம்பா!" என்று தன் கூப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தாள், பதில் இல்லை. சேற்றில் சிக்கியிருக்கும் என்று நினைத்தவள் புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், தொடை, இடுப்பு. கோரைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே போனாள். அக்காவுக்கு நீச்சல் தெரியாது என்பது தெருவுக்கே தெரியும். அவள் கால் ஒருமுறை வழுக்கியபோதுதான் பலகையையும் துப்பாக்கியையும் மறந்து கத்தினேன்.

"அக்கா! ஏரில இல்லக்கா! கம்பிக்கு அந்தாண்ட கீது!"

சேறு சொட்டச்சொட்டக் கரையேறி வந்து கையை ஓங்கினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அறை விழவேயில்லை. "அப்பால அடிக்கிறேன். எந்த ஓட்டைல போச்சு, காட்டு. நாய்ங்க மோப்பம் புடிக்கிறதுக்குள்ள நட."

கம்பியருகே அவள் குரல் கொடுத்ததும் புதருக்குள்ளிருந்து அடித்தொண்டையில் ஒரு பதில் வந்தது. இருவரும் உள்ளே நுழைந்தோம். வெள்ளச்சி ஈன்றிருந்தாள். முள்ளுக்கடியில் ஈரமாகக் கிடந்தது கன்று. தவழ்ந்து போய் அதை இழுத்துவந்த என் முதுகில் சட்டை மிச்சமில்லை.

"நான் பின்னால தட்டிகினு வரேன். நீ கன்னுக்குட்டியத் தூக்கிகினு முன்னால போ. முதுவு காட்டாத! கன்னு மூஞ்சி அவ கண்ணுல பட்டுகினே இருக்கணும். மறைச்சியோ, ஈனின எடத்துக்கே திரும்பி ஓடிடுவா."

அப்படித்தான் நடந்தேன், பின்னோக்கி. கையில் என் எடையில் பாதி கனத்தோடு வழுக்கும் ஒரு கன்று, மூக்குக்கு முன்னால் இரண்டு கொம்பு, நடுவில் அந்த மூச்சு. வேலியை நெருங்கும்போது என் முதுகு எதன்மீதோ இடித்தது. அது பூட்ஸும் துப்பாக்கியுமாக நின்ற ஒரு காவலர். இந்தியில் அதட்டினார். கையைத் தூக்கினால் கன்று விழும், தூக்காவிட்டால் நான் விழுவேன். நான் ஊளையிட்டேன். அந்தச் சத்தத்தில் வெள்ளச்சி தலையைத் தாழ்த்திச் சீறி ஓர் எட்டு முன்னால் வைத்தாள், அவ்வளவுதான், பலகையில் மூன்று மொழிகளில் மிரட்டிய படையின் ஆள் என் முதுகுக்குப் பின்னால் பதுங்கி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கம்பி வரை இரண்டு பேரும் சேர்ந்தே பின்னோக்கி நடந்தோம். "நல்ல ஜோடிடா!" என்று அக்கா இருட்டத் தொடங்கிய அந்த வெளியில் விழுந்துவிழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் சீம்பால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. "ஏரிப் பக்கம் போன மாட்டோட பாலு, குடிடா" என்றாள். பாக்கியிருந்த அறை அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தது.

இப்போது அந்த மேட்டில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. முறை பார்க்க வீடுமில்லை, மேய்க்கப் புல்லுமில்லை. பால், வாசலில் பையில் தொங்குகிறது. போன வாரம் பூந்தமல்லி சாலையில், மெட்ரோ தூண்களுக்கிடையே, நாலைந்து மாடுகள் படுத்து எதையோ அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஹாரன்கள் அலறியும் ஒன்றும் அசையவில்லை. மாடு வீடு திரும்பும் நேரம், கூப்பிடத்தான் ஆளில்லை. எனக்குள்ளிருந்த பழைய குறும்பு சும்மா இருக்கவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு மெதுவாக, "ஹே...ம்பா" என்றேன்.

ஒரு வெள்ளை மாடு எழுந்து நின்றது. காதை விறைத்துக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தது. அதை எங்கே அழைத்துப்போவதென்று எனக்குத் தெரியவில்லை. கையில் ஒன்றுமில்லாமல், முதுகு காட்டாமல், நான் பின்னோக்கி நடந்தேன்.