சைவ பிரஷ்

தகட்டைத் தேய்க்கும்போது விஜயேந்திரன் யாரையும் கிட்டே விடமாட்டார். மலேசியாவின் பொந்தியான் ஆற்றோரப் பட்டறையில், அலுமினியப் படகுக்கு வெல்டிங் அடிக்குமுன் எவர்சில்வர் கம்பி பிரஷால் பளபளவென்று தேய்ப்பார். அந்த பிரஷுக்கு யாராவது கை நீட்டினால் தொலைந்தார்கள். "இது சைவம்லா. இரும்பு, எண்ணெய் எதுவும் படக்கூடாது. பட்டா வெல்டிங் பூரா ஓட்டை" என்பார். அவரோ வெள்ளிக்கிழமையிலும் திருக்கை மீன் அசாம் பெடாஸ் புளிக்குழம்பை ஒரு கை பார்ப்பவர்.

அப்பாவும் தாத்தாவும் அரசாங்க மேசையில் உட்கார்ந்தே பென்ஷன் வாங்கிய யாழ்ப்பாணத்துக் குடும்பம். இவர் ஒருவர்தான் படகுக்கடியில் மல்லாந்து படுத்துச் சம்பாதிக்கிறார். கல்யாண வீட்டில் உறவினர் என்ன உத்தியோகம் என்று கேட்டால், "ஆப்பரேஷன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவார்.

அடக்கம் அவருக்கு ஒத்துவராத பண்டம். பதினெட்டு வருஷத்தில் தன் கை பட்ட படகு ஒன்றுகூட ஒழுகித் திரும்பியதில்லை என்று, பக்கத்துத் தே தாரிக் டீக்கடையில் கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

போன மாதம் ஒன்று திரும்பி வந்தது. தூண்டில்காரர்களைக் கடலுக்கு அழைத்துப்போகும் தங்கராஜுவின் படகு. வெல்டிங் அடித்து நாலே நாள். அதே இடத்தில் கசிந்து, அதிலிருந்த ஆறு பேரும் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்திருந்தார்கள். பாறையில் மோதியிருப்பாய் என்று விஜயேந்திரன் கடைக்கே கேட்கும்படி கத்தினார். மோதினாலும் மோதியிருக்கும் என்று தங்கராஜுவே தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டான்.

படகுக்கடியில் புகுந்து வெல்டிங்கைச் சீவிப் பார்த்தார். ஊசிமுனை ஓட்டைகள், வரிசையாக. பாறை செய்கிற வேலையில்லை அது. பிரஷைத் தடவினார், விரல் பிசுபிசுத்தது. பட்டறையில் எவனும் தொடக்கூடாதென்று, தினமும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை ஆணியில் மாட்டிய புத்திசாலி அவரேதான். போனில் கேட்டதற்கு அவர் மனைவி யோகேஸ்வரி கொஞ்சமும் அசரவில்லை.

"ஆமா, தோசைக்கல்ல தேய்ச்சேன். கறை நல்லா போச்சு. ஏன்?"

போனை வைத்தார். வாயை மூடிக்கொண்டால் போதும். பழியைச் சுமக்க ஓர் ஆள் தயாராக நிற்கிறான். ஆனால் நடுக்கடலில் தண்ணீர் இறைத்தவர்கள் ஆறு பேர்.

வெளியே வந்தார். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை. "பாறை இல்லடா தம்பி" என்றார். பிறகு தங்கராஜுவின் கையைப் பிடித்துப் படகுக்கு இழுத்துப்போய், டீக்கடைக் கூட்டம் முழுக்கப் பார்க்க, அவன் சுட்டுவிரலை ஒவ்வோர் ஓட்டையிலும் வைத்து அழுத்தினார்.