மாத்திரை போட்ட காலையில்

கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலை ஆளுக்கு ஆள் நடத்தினார்கள். அவருடைய அண்ணன் அரிசியைக் கண்ணில் காட்டாதே, முட்டையும் கறியும் போதும் என்றார். பக்கத்து வீட்டு அக்கா, சாமை எவ்வளவு தின்றாலும் சர்க்கரை ஏறாது என்றாள். போன் வீடியோவில் ஒருவர் பகல் பன்னிரண்டு மணி வரை வாயில் எதுவும் வைக்காதீர்கள் என்று தினமும் பேசினார். நான் எல்லோரையும் நம்பினேன். பயம் அப்படி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல சாமை கிடைக்கும் என்று வெள்ளிமலைக்குக் கிளம்பினோம். மாத்திரை போட்டுக்கொண்டவர், சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டார்.

"ரெண்டு இட்லி குடேன். பசிக்குது."

"பன்னெண்டு மணி ஆவட்டுங்க. ஒரு வாரமா இருந்துகினு வந்தீங்க, இன்னைக்கு இன்னா?"

அவர் போய்ச் சட்டையை மாட்டினார்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவர் பேச்சு நின்றுபோனது. வளைவுகளால் தலை சுற்றுகிறது போலும் என்று நினைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது, அவருக்கோ வேர்வை கழுத்தில் வழிந்தது.

"இன்னாங்க பண்ணுது?"

என்னை யாரோ போலப் பார்த்தார். ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின.

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். முன் சீட்டில் குழந்தையோடு இருந்த மலைக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

"சக்கர இருக்குதாக்கா அவுருக்கு? மாத்திர போட்டாரா? சாப்ட்டாரா?"

"போட்டாரு. சாப்புடல."

குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த மாம்பழ ஜூஸ் பாட்டிலை உடனே நீட்டினாள். "இத்த குடுங்க. எங்க அப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆச்சி."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். "சக்கரக்காரருக்கு ஜூஸு குடுக்கறியா? ஜாஸ்தியாயி ஆளே போயிருவாரும்மா! தண்ணி மட்டும் குடு!"

பாட்டில் என் கையில் இருந்தது. ஒரு மாதமாக இனிப்பை விஷம் என்று நினைத்து வீட்டிலிருந்த சர்க்கரை டப்பாவைக் குப்பையில் கொட்டியவள் நான். பஸ்ஸில் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். அவர் கண்கள் செருகத் தொடங்கின.

"முழுங்குவாரா பாருங்க. முழுங்குனா குடுங்க, யோசிக்காதீங்க" என்றாள் அவள்.

மூடியைத் திறந்து உதட்டில் வைத்தேன். முதல் வாய் சட்டையில் வழிந்தது. அடுத்த வாயை விழுங்கினார். பிறகு பாட்டிலை அவரே பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம் யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதவில்லை. என் கணவர் மெதுவாக நிமிர்ந்து, "வண்டி ஏன் நிக்குது?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் தன் பையிலிருந்த பன்னையும் பிய்த்து அவர் கையில் கொடுத்தாள்.

வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை இப்போதுகூடக் கொஞ்சம் கம்மிதான் என்றார். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். நான் சாமையைப் பற்றிக் கேட்டேன்.

"நல்லதுதாம்மா. ஆனா அதுவும் மாவுச்சத்துதான். அரிசியோ சாமையோ ஒரு கப்புக்கு மேல வேணாம். கீரையும் பருப்பும் ஜாஸ்தி வெய்யுங்க. நேரத்துக்குச் சாப்புடணும், அது முக்கியம்."

இவ்வளவுதானா என்று இருந்தது. இதை டாக்டரிடம் கேட்காமல் ஊரையெல்லாம் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், மலையில் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துவிட்டு அவரைக் கோபமாகப் பார்த்தார்.

"யாரு உங்கள பட்டினி இருக்கச் சொன்னது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார் என்று தெரிந்தது.

"நான்தாங்க சார்" என்றேன்.