பிச்சையா சாரின் மூக்குத்தி

சென்னைக்குப் போகும் காலை ரயிலில் இருந்தேன். அரக்கோணம் தாண்டியதும் பிச்சையா சாரின் மகள் சுதா அழைத்தாள். "சித்தி, அப்பா போயிட்டாரு" என்றாள். அடுத்த நிலையத்தில் இறங்கி, திருத்தணிக்குத் திரும்பும் வண்டிக்காக எதிர் நடைமேடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு ஆண்டுகள் ஒரே பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர் பிச்சையா சார். அந்த முக்கால் மணி நேரமும் அவருடைய வெறும் மூக்குதான் என் கண்ணுக்குள் நின்றது.

அவரிடம் கணக்குப் படித்த உங்கள் எல்லோருக்கும் அந்த மூக்குத்தி நினைவிருக்கும். வலது மூக்கில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய தங்கப் பொட்டு. ஒவ்வோர் ஆண்டும் புது ஒன்பதாம் வகுப்பு முதல் நாள் அதைப் பார்த்துச் சிரிக்கும். சார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்.

"சிரிச்சாச்சா? சரி, கேளுங்க. எங்கம்மாவுக்கு மொத மூணு புள்ளிங்களும் தங்கல. நான் நாலாவது. பொறந்ததும் முறத்துல வெச்சி குப்பமேட்டுல போட்டாங்க. பக்கத்து வீட்டம்மா எடுத்துக்கினு வந்து எங்கம்மாவுக்கே பிச்சையா குடுத்தாங்க. அதான் பேரு. வேண்டாத புள்ளன்னு எமன் உட்டுட்டுப் போவட்டும்னு மூக்கையும் குத்திட்டாங்க. இது நகை இல்லடா. நான் உள்ள வர்றதுக்குக் குடுத்த ஹால் டிக்கெட்."

அதற்குப் பிறகு அந்த வகுப்பு சிரிக்காது.

வகுப்பில் சொல்லாத ஒன்றை என்னிடம் ஒருமுறை சொன்னார். பள்ளிப்பட்டுப் பக்கம் தறி நெய்து பிழைத்த குடும்பம் அவருடையது. மூக்குத்திக்குத் தங்கம் வாங்க வழியில்லாமல், அவருடைய அம்மா நாகம்மா தன் தாலிச் சரட்டிலிருந்து ஒரு தங்கக் குண்டை உருவி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறார். பிள்ளையை மடியில் போட்டு, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

ஒருமுறை பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், வாத்தியாருக்கு எதற்கு மூக்குத்தி, கழற்றிவிடக் கூடாதா என்று கேட்டார். சார் எழுந்து நின்று சொன்னார்: "இத கழட்டினா நான் இருக்க மாட்டேன்னு எங்கம்மா நம்பிக்கினு இருக்காங்க சார். அவங்க இருக்கிற வரிக்கும் இருந்துட்டுப் போவட்டும்." பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த நான் அதைக் கேட்டேன். கேட்ட பிறகும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

சாரின் மகள் சுதாவை என் அக்கா மகனுக்குப் பேசி முடித்தவள் நான். நிச்சயம் முடிந்த மறுநாள் அம்பத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். சம்பந்தி மூக்குத்தியோடு வந்து மேடையில் நின்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்டாள். சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

மதிய உணவு முடிந்து, சார் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னேன். அவர் கழுவி முடித்து பாக்ஸைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சுதாவுக்காகக் கேக்கறீங்களா, உங்க அக்காவுக்காகவா?" என்றார்.

"சுதாவுக்காகத்தான் சார்."

"ஆங். சரி டீச்சர்."

மலையடிவாரத்து மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. முதல் வரிசையில் நாகம்மா உட்கார்ந்திருந்தார். ஆசி வாங்க மணமக்களோடு குனிந்த மகனின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தவர், கட்டைவிரலால் மூக்கைத் தடவினார்.

"மூக்குத்தி எங்கப்பா?"

"நானேதாம்மா கழட்டினேன். இத்தினி வருசம் போட்டது போதும்னு."

"உனுக்கு வெக்கமா இருந்துச்சா நைனா?"

தாம்பூலத் தட்டோடு அருகில் நின்றேன். சார் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆங்" என்றார். நாகம்மா கையை எடுத்துக்கொண்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பேருந்தேறி ஊருக்குப் போய்விட்டார்.

மறு வாரம், மூக்குத்தியைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சாரிடம் சொன்னேன். "இப்ப போட்டுக்கினா, யாருக்காக கழட்டினேன்னு அம்மா தேடுவாங்க. அப்புறம் சுதா அந்த ஊட்டுல எப்டி இருப்பா?" என்றார்.

நாகம்மா அதற்குப் பிறகு கிருத்திகைதோறும் மலையேறத் தொடங்கினார். காப்பில்லாமல் திரியும் மகனுக்காக வேண்டுதல். ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய மாதம் படியில் அவரைப் பார்த்தேன். பாதி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவனுக்கு வெக்கமாம் டீச்சரம்மா. சின்ன வயசுலயே சொல்லியிருந்தா நானே கழட்டியிருப்பேனே. இத்தினி நாளா எனுக்காக சுமந்துகினு இருந்தானா?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொன்னேன். அவர் கையைப் பிடித்து மேலே அழைத்துப் போனேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சுதாவின் குடும்பத்தை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகக் குற்றவாளியாக உட்கார எனக்குத் தைரியமில்லை. அந்த வருடம் கார்த்திகை மாதத்தில் நாகம்மா காலமானார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு சாரை வற்புறுத்திக் கடைத்தெருவில் ஆசாரியிடம் அழைத்துப் போனேன். துளை தூர்ந்துபோயிருந்தது. புதிதாகக் குத்திவிடலாம், ஒரு நிமிட வேலை என்றார் ஆசாரி. சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வெளியே வந்து, "குத்திக்கலாம் டீச்சர். மடியில போட்டுப் புடிச்சிக்க அவங்க இல்லியே" என்றார்.

மூக்குத்தி போனதால்தான் ஆள் போய்விட்டார் என்று சாவு வீட்டில் பள்ளிப்பட்டு உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதை நம்பவில்லை. சர்க்கரையும் நெஞ்சு வலியும் ஐந்தாறு வருடமாக அவரைப் படுத்திக்கொண்டிருந்தன. ஆனால் அவர்கள் பேசியபோது என்னால் தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை.

பதினாறாம் நாள் சுதா அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவின் போன், குழாயடி, நான் சொன்ன பதில், மலைப்படி. அவள் அழவில்லை. அடுத்த சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எங்கிட்ட சொல்லாட்டி போவுது சித்தி. எங்க ஆயா இருக்கறப்பவே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."



உங்களில் பலரிடம் அவருடைய கணக்கு நோட்டுகள் இருக்கலாம், அவர் கையெழுத்திட்ட சான்றிதழ்கள் இருக்கலாம். என்னிடம் இருப்பது, அவர் தன் தாயிடம் சொன்ன ஒரு பொய். அவர் பொய் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அப்போது நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.