பதினோரு பேருக்கும் ஒரே குணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், திருவொற்றியூரில் திருகாணி செய்யும் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ராயபுரத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். எங்கள் ஷெட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சமல்ல, நிறையவே இருந்தது.

புதிதாகக் கட்டிய ஷெட்டுக்கு இரண்டு ஃபோர்மேன்கள் தேவைப்பட்டார்கள். பதினோரு பேர் மனுப் போட்டோம். வேலை தெரிந்தால் மட்டும் போதாது, ஆளின் குணத்தையும் சோதிக்க வேண்டும் என்றார் மேனேஜர். கல்லூரியில் மனோதத்துவம் கற்பிக்கும் ஒரு அம்மா வந்து பரீட்சை வைப்பாராம். யாரும் தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்களாம். குணத்துக்குக்கூடப் பரீட்சையா என்று எல்லாரும் ஆடிப்போய்விட்டார்கள்.

கேள்வித்தாளை எங்கள் ஆபீசில்தான் பிரதி எடுத்தார்கள். மை இழுகி வீணான ஒரு தாளை ப்யூனிடம் கேட்டு வாங்கிவிட்டேன். நூறு வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். 'நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.' 'எனக்குச் சில சமயம் அடக்க முடியாத கோபம் வருகிறது.' 'பலர் முன்னால் பேச எனக்குக் கூச்சம்.' இப்படியே போயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவன் எப்படிப் பதில் சொல்வான் என்று தெரியாதா என்ன!

வெளியாள் யாரும் வந்துவிடக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை மற்ற பத்துப் பேரையும் கடற்கரை மணலில் உட்காரவைத்து, வாய்ப்பாடு போல ஆம், இல்லை, இல்லை என்று மனப்பாடம் செய்யவைத்தேன். வெல்டிங் வேலை பார்ப்பவர் ஒருவர் மட்டும் முரண்டு பிடித்தார். குப்பத்து ஆள், என்னைவிடப் பத்து வயது பெரியவர்.

"இன்னா நைனா இது? காலையிலகூட வூட்ல கத்திட்டு வந்துக்கீறேன். எனுக்குக் கோவமே வராதுன்னு எப்டிப் போடறது?"

"ஃபோர்மேன் ஆவணுமா, வாணாமா? சொன்னதப் போடு" என்று அதட்டினேன். பாவம், தலையாட்டினார்.

பரீட்சையன்று கால் மணி நேரத்தில் எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டோம். இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒருவர்கூடத் தேர்வாகவில்லை. பதினோரு தாள்களும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கின்றன, கோபமே வராத, பொய்யே பேசாத பதினோரு பேர் ஒரே ஷெட்டிலா என்று அந்த அம்மா கேட்டாராம். திருட்டுத்தனம் நடந்திருக்கிறது, எல்லாரையும் தள்ளிவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெல்டர் வீட்டில், ஃபோர்மேன் ஆகப்போகிறார் என்று அவர் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாராம். "உடு நைனா, நம்ம நேரம்" என்று அவர் என் தோளைத் தட்டியபோது எனக்குக் கூசிப்போயிற்று. என் வேலையே போனாலும் சரி, இந்தப் பத்துப் பேரை மறுபடி பரீட்சைக்கு உட்காரவைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் அந்த அம்மா மேனேஜர் அறைக்கு வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். உள்ளே போய் நின்றேன். தாளை வாங்கியது நான், பதில்களைத் தயார் செய்ததும் நான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அந்தப் பத்துப் பேரும் எழுதினது அவங்க பதில் இல்லீங்கம்மா. எல்லாம் என்னோட பதில்."

அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "உங்களோட பதிலா? இது உங்க பதிலும் இல்லையே?"

சொல்லிக்கொடுத்த மற்ற பத்துப் பேரைப் பற்றித்தான் நினைத்திருந்தேனே தவிர, பதினோராவது தாளும் பொய் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மேனேஜர் என் மனுவை அங்கேயே அடித்துவிட்டு, ஒரு வாரம் வேலைக்கு வரக்கூடாது என்றார். நான் நகரவில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் இன்னொரு தடவை வாய்ப்புத் தருவதாகச் சொல்லும்வரை இங்கேயே நிற்பேன் என்றேன். அந்த அம்மாவும் எடுத்துச் சொன்னார். கடைசியில் மேனேஜர் ஒத்துக்கொண்டார். பத்துப் பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து, வேறு கேள்விகள் கொடுத்தார்கள். தேர்வான இருவரில் ஒருவர், நான் அதட்டிய அந்த வெல்டர்! பிறகு அவர் கீழேதான் நாலு வருஷம் வேலை பார்த்தேன். கோபம் வந்தால் வந்தது என்று சொல்லிவிடுவார், ஐந்து நிமிஷத்தில் மறந்தும்விடுவார்.

அன்று அறையை விட்டுக் கிளம்பும்போது அந்த அம்மா பழைய கேள்வித்தாள் ஒன்றை என்னிடம் கொடுத்தார். யாருக்கும் காட்ட வேண்டாம், உங்களுக்காக எழுதிப் பாருங்கள் என்றார். வேலையில்லாத அந்த வாரத்தில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் முடித்த தாள் மூன்று நாள் இழுத்தது. 'மற்றவர்களைவிட நான் புத்திசாலி என்று நினைக்கிறேன்' என்ற இடத்தில் வெகுநேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்துப் பேரையும் 'இல்லை' போடச் சொன்ன கேள்வி அது. அழுத்தி 'ஆம்' என்று போட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழிக்கவில்லை.

நான்தான் புத்திசாலி என்ற அந்த நினைப்பு இன்றைக்கும் என்னைவிட்டு முழுதாகப் போய்விடவில்லை; ஆனால் அது தலைதூக்கும்போதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்தவருக்காக வாயைத் திறக்கும் முன் அவரையே பேசவிட வேண்டும் என்று என்னை நானே பிடித்து நிறுத்திக்கொள்கிறேன்.