படகுக்குப் பின்னால் ‘சவுண்ட் ஹாரன்’

போன வருஷம் மார்கழி மாசம், மரக்காணம் பக்கத்து உப்பங்கழியில் நடந்தது இது. எங்கள் வீடு திண்டிவனத்தில், ஒலக்கூர் போகிற ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. கடலுக்கும் எங்களுக்கும் மீன் வாங்குவதோடு சரி, வேறு சம்பந்தம் கிடையாது. ஐம்பதைத் தாண்டிய புருஷனும் பெண்டாட்டியும் சொந்தமாகப் படகு வாங்கி ஓட்டக் கற்றுக்கொண்டோம் என்றால் எங்கள் தெருவில் இன்னமும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். சர்க்கரை வியாதியில் வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண் நன்றாகத் தெரியும், ஆனால் வலது பக்கம் யானையே வந்து நின்றாலும் தலையைத் திருப்பினால்தான் உண்டு. இனிமேல் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே ஓனரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான், எட்டு மாசம் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார். “இவன் லோடு ஜாஸ்தி ஏத்திக்கினு வர்றான்”, “இவனுக்கு கியரே போடத் தெரியல” என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். 

மரக்காணத்தில் ஒரு மீன்காரத் தம்பி இருக்கிறார். என் வீட்டுக்காரர் ஐஸ் லோடு ஓட்டின காலத்துப் பழக்கம். அவர் புதுப் படகு வாங்கியதும் பழைய சின்ன ஃபைபர் படகு சும்மா கிடந்தது. ஒரு நாள் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன மனிதரைக் காணோம். தேடிப் போனால், அந்தப் படகின் என்ஜினைக் கழற்றிப் போட்டு வேஷ்டி முழுக்க கிரீஸோடு உட்கார்ந்திருக்கிறார். அரை மணி நேரத்தில் அது ஸ்டார்ட் ஆனது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாசமாக நான் பார்க்காத முகம் அது. நீச்சல் தெரியாத நான், கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிற நான், “இத நாமளே வாங்கிடலாங்க” என்று சொல்லிவிட்டேன்.

மீன் பிடிக்கப் போகிறீர்களா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை, சும்மா போய்வர. போய்வருவதுதானே அவர் பிழைப்பாகவே இருந்தது!

எங்களுக்கு ஒரே மகள், சென்னையில் வேலை பார்க்கிறாள். போனில் விஷயத்தைக் கேட்டதும் குதித்தாள். “ஒத்தக் கண்ண வெச்சிக்கினு தண்ணியில இன்னாப்பா பண்ணுவ நீ?” என்று கேட்டுவிட்டாள். பாவம், பயத்தில்தான் கேட்டாள். ஆனால் அது அவருக்கு எங்கே போய்த் தைத்தது என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து படகில் ஏறிப் பார்ப்பாள். அவளுக்குத் திருப்தி இல்லையென்றால் படகைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நாங்கள் சென்னைக்குப் போய் அவளோடு மூணாவது மாடியில் இருக்க வேண்டும். தம்பியும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். மூணாவது மாடியில் லாரிச் சத்தம்கூடக் கேட்காது. இந்த மனிதர் அங்கே எதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டுமில்லையா? இவர் நாலு பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றி வருகிறார். சக்கரத்துக்கு எங்கே போவது? தம்பி மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் பழத்தைக் காலால் நசுக்கிவிட்டு ஏறினோம். மறுநாள் பெயிண்ட் டப்பாவோடு வந்து படகின் பின்பக்கம் மஞ்சள் எழுத்தில் பெரிதாக ‘சவுண்ட் ஹாரன்’ என்று எழுதினார். “மீனுங்க படிச்சிட்டு ஹாரன் அடிக்குமா அண்ணே?” என்று தம்பி கேட்டார். “பின்னாடி எழுதலனா அது வண்டியே இல்லடா” என்றார் இவர்.

சிரிப்பெல்லாம் அதோடு முடிந்தது. படகு என்ஜினின் கைப்பிடியை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. இடது பக்கம் போக நினைப்பார், படகு வலது பக்கம் கோரைக்குள் போய்ச் சொருகும். கரை நெருங்கும்போது வலது காலால் படகின் தரையை ஓங்கி மிதிப்பார், பிரேக்காம்! இரண்டாவது வாரம் தண்ணீர் வற்றுகிற நேரம் தெரியாமல் நடுவில் போய் நின்றோம். தண்ணீர் எங்கேயோ போய்விட்டது, நாங்கள் சேற்றில் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கினால் தொடை வரைக்கும் புதையும். மூணு மணி நேரம், உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, “அக்கா, அடுத்த பஸ்ஸு சாயங்காலந்தான்” என்று கத்தினாள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, “கண்ணு போனவனுக்கு இன்னாத்துக்குமே படகு? திருப்பிக் குடுத்துடலாம்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அவருக்கு அது சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்று, கொண்டுபோன மல்லாட்டைக் கடலையை உரித்து அவர் வாயில் போட்டேன்.

உண்மையில் பிரச்சினை கைப்பிடியில் இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. வலது பக்கத்தைப் பார்த்துச் சொல்ல நான் முன்னால் உட்கார்ந்திருப்பேன், அவர் பின்னால் என்ஜினோடு இருப்பார். என்ஜின் சத்தத்தில் நான் கத்துவது அவருக்குக் கேட்காது. “கொம்பு, கொம்பு!” என்று நான் கதறுவேன், வலை கட்டுகிற மரக்கொம்பில் படகு போய் இடித்த பிறகு, “இன்னாமே சொன்ன?” என்று கேட்பார்.

ஒரு நாள் எரிச்சலில் கையிலிருந்த மூங்கில் கொம்பால் படகின் விளிம்பை ஓங்கித் தட்டினேன். படகு சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் அவர் என்ஜினைத் தளர்த்திவிட்டுச் சிரிக்கிறார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

எங்கள் வீட்டுச் சந்து குறுகலானது. முன்பெல்லாம் லாரியை ரிவர்ஸில் கொண்டுவந்து விடும்போது கிளீனர் இல்லையென்றால் நான்தான் பின்னால் நின்று பாடியைத் தட்டுவேன். டக் டக் டக் என்று தட்டினால் வரலாம், ஓங்கி ஒரு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். லாரி உலகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். மற்றபடி ஒரு டிரிப்புக்குக்கூட என்னைக் கூட்டிப்போனதில்லை. அவர் ஓட்டின எந்த வண்டியிலும் எனக்கு இடம் கிடையாது. அந்தக் கோபம் எனக்கு நிறையவே உண்டு, மறைக்கவில்லை.

படகில் அதையே கொஞ்சம் நீட்டிக்கொண்டோம். இடது விளிம்பில் தட்டினால் இடது பக்கம், வலது விளிம்பில் தட்டினால் வலது பக்கம், இரண்டு மெல்லிய தட்டென்றால் நேராகப் போகலாம், ஓங்கித் தட்டினால் நிறுத்த வேண்டும். தட்டுச் சத்தம் கேட்டதும், அவர் யோசிக்காமலே கைப்பிடி தானாகச் சரியான பக்கம் போகத் தொடங்கியது. மூணாவது வாரம் ஒரு கொம்பிலும் நாங்கள் இடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகள் ஆரஞ்சு நிறத்தில் மூணு லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்திருந்தாள். விடியற்காலை அவளே காரை ஓட்டிக்கொண்டு எங்களை மரக்காணம் கூட்டிப்போனாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த இவர் வழி முழுக்கக் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். போன்கள் நனைந்துவிடும் என்று காரிலேயே வைத்துவிட்டு, மூணு பேரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். துறையிலிருந்து அகலத் தண்ணீருக்குப் போக, பாலத்துக்கு அடியில் புகுந்து, இரண்டு பக்கமும் வலைக் கொம்பு நட்ட குறுகலான வாய்க்கால் வழியாகப் போக வேண்டும். அழகாகப் போய்ச் சேர்ந்தோம். தூரத்தில் பறவைக் கூட்டம் நின்றிருந்தது. மகள் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது.

அப்போதுதான் பனி இறங்கியது. சூரியன் வந்த பிறகு இறங்குகிற பனி இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது. கொஞ்ச நேரத்தில் பறவை இல்லை, கரை இல்லை, பாலம் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குப் பின்னால் இருந்த புருஷன் தெரியவில்லை. எந்தப் பக்கம் வந்தோம் என்பதே மறந்துவிட்டது. தண்ணீர் வேறு வற்றத் தொடங்கியிருந்தது. பனி விலகட்டும் என்று நின்றால் மறுபடியும் சேறுதான், மகளையும் வைத்துக்கொண்டு. நடுவில் உட்கார்ந்திருந்தவள், “ம்மா, பயமா இருக்குதும்மா” என்றாள். போச்சு, எல்லாம் போச்சு, மூணாவது மாடிதான் என்று எனக்குத் தோன்றியது.

என்ஜின் நின்றது. பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. “யாரும் பேசாதீங்க.”

நிசப்தம். ஏதோ ஊர்க் கோயிலில் மார்கழிப் பாட்டு போட்டிருந்தார்கள், அது நாலு பக்கமிருந்தும் வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் எங்கோ ஒரு வண்டிச் சத்தம். எங்களுக்கு அது வெறும் சத்தம். அவருக்கு அப்படி இல்லை.

“பஸ்ஸு. கியரக் கொறைக்கிறான். பாலத்துல ஏர்றான் பாரு. பாலம் அங்க இருக்குது” என்றார். அடுத்து ஒரு லாரி வந்தது, அதுவும் அதே இடத்தில் முக்கி முனகியது. “ரைட்டு. போலாம்” என்று என்ஜினைப் போட்டார். எட்டு மாசம் வாசலில் உட்கார்ந்து எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மெதுவாக, நடை வேகத்தில் போனோம். நடுவில் இரண்டு தடவை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். திடீரென்று என் முகத்துக்கு நேரே ஒரு கொம்பு முளைத்தது. வாய்க்கால்! அங்கிருந்து என் வேலை. இடது பக்கம் ஒரு தட்டு, இரண்டு மெல்லிய தட்டு, வலது பக்கம் ஒரு தட்டு, ஓங்கி ஒரு தட்டு, மறுபடி மெதுவாக. இரண்டு கை தூரத்துக்கு மேல் எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் தட்டி முடிப்பதற்குள் படகு திரும்பியது. என் கையும் அவர் கையும் ஒரே உடம்பில் இருக்கிற மாதிரி இருந்தது. பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நீச்சல் தெரியாதவள் என்பதே மறந்துபோய், படகு முனையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைக்கு மேல் ஒரு பஸ் தடதடவென்று போனது. பாலத்துக்கு அடியில் இருந்தோம். ஒவ்வொரு தூணுக்கும் தட்டிச் சொல்லி வெளியே வந்ததும் படகின் மூக்கு மெத்தென்று மணலில் ஏறியது. துறை!

இறங்கித் திரும்பிப் பார்த்தால், எங்களுக்குப் பின்னாலேயே பனியிலிருந்து இன்னொரு படகு வந்து ஒதுங்கியது. நம்ம மீன்காரத் தம்பி! விடிகாலை வலை எடுக்கப் போனவர், பனியில் வாய்க்கால் முனையில் சிக்கி நின்றிருக்கிறார். தட்டுகிற சத்தம் கேட்டதும் எங்கள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். இறங்கி வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இவ்ளோ தூரம் வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. ‘சவுண்ட் ஹாரன்’ மட்டுந்தான் படிச்சிக்கினே வந்தேன்” என்றார்.

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு மரக்காணம் முழுக்கக் கேட்டிருக்கும். மகள் அவர் பக்கத்தில் போய் நின்று, அவர் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றிவிட்டாள். அப்புறம், “அடுத்த மாசம் வர்றேன்ப்பா. அப்ப நான் முன்னாடி உக்காந்து தட்றேன்” என்றாள். “அது ஒங்கம்மா சீட்டு. அவளக் கேளு” என்றார் அவர்.

நான் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறோம். பனி நாளில் மட்டும் போவதில்லை, ஒரு தடவை ஜெயித்தால் போதாதா! திண்டிவனம் கடைத்தெருவில் நடக்கும்போதுகூட நான் அவருக்கு வலது பக்கம்தான் வருகிறேன். ரோட்டைக் கடக்கலாம் என்றால் தோளில் மெதுவாக இரண்டு தட்டு, அவர் நடந்துவிடுவார். முப்பது வருஷம், இந்த மனிதர் எந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாரோ என்று தெரியாமல் வீட்டில் காத்துக் கிடந்தவள் நான். இன்றைக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வழியை நான் தட்டிச் சொல்கிறேன், அவர் ஓட்டிக்கொண்டு வருகிறார்.