உயிரோடு இருந்தவவுக்குப் போட்ட மாலை

அன்றைக்கு விழா தொடங்க முன்னம் அந்த மண்டபத்தில் இருந்தது நான், என்ரை மனுசன், பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் படிப்பிக்கிற ரீச்சர், கட்டிடத்தின் காவல்காரர், கடைசியாக வந்த, நாங்கள் சின்யோரா என்கிற வயதான இத்தாலிய அம்மா. மொத்தம் ஐந்து பேர். சுவரில் படமாக இருந்தவவை நான் அப்போது கணக்கில் சேர்க்கவில்லை.

போன நவம்பர் தொடக்கம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். இடம் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக் கலை நிலையம். நான் அங்கே துப்புரவு வேலை செய்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் பல்கலைக்கழகத்துக்குள் போனது விளக்குமாற்றோடுதான். பிள்ளைகளின் நடன விழாவுக்கு மண்டபம் தருவீர்களா என்று அலுவலகத்தில் கேட்க எனக்கு ஒரு மாதம் எடுத்தது. காசே வாங்காமல் தந்துவிட்டார்கள். அதுவே எனக்குப் பயம். சும்மா கிடைக்கிறதில் ஏதாவது பிழை வரும்.

அந்தக் கட்டிடத்துக்கு ஒரு பெண்ணின் பெயர். காசு கொடுத்துக் கட்டுவித்தவ. வாசலில் அவவின் பெரிய கறுப்பு வெள்ளைப் படம், இளவயதுச் சிரிப்போடு. அதன் கண்ணாடியை நான்தான் நெடுக துடைப்பேன். எங்கடை ஊரில் ஒருவரின் பெயர் மண்டபத்தில் ஏறுகிறதென்றால் ஆள் போய்ச் சேர்ந்த பிறகுதான். ஞாபகார்த்த மண்டபம் என்றுதானே எழுதுவார்கள்? அதனால் விழா தொடங்க முன்னம் அந்தப் புண்ணியவதிக்கும் ஒரு மாலை போட்டு விளக்கு வைப்போம் என்று நினைத்தேன். இஞ்சை செவ்வந்தி சவக்காலைக்குக் கொண்டுபோகிற பூ. கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு மலிவாகவும் கிடந்தது. செத்தவவுக்குப் பொருத்தம்தானே என்று வாங்கிக் கட்டினேன். படத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கீழே சின்ன விளக்கு.

காவல்காரர் கோப்பியோடு வந்தார். படத்தைக் கண்டதும் நின்ற இடத்திலேயே இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தார். சாவின் அபசகுனம் கண்டால் இந்த ஊர்க்காரர் இரும்பைத் தொடுவார்கள்.

"மாதாவே! என்ன செய்து வைச்சிருக்கிறீர்? அவ உயிரோடை இருக்கிறா! இண்டைக்கு உங்கடை பிள்ளையளின்ரை நடனம் பார்க்க பகேரியாவிலை இருந்து வாறா!"

அடுத்த மாதம் என் பெர்மெஸ்ஸோ, இஞ்சை தங்குகிற அனுமதி, புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லாவிட்டால் நாங்கள் இந்த நாட்டில் இல்லை. எல்லாம் ஒரு மாலையால்.

"அக்கா, கெதியா அழியுங்கோ!" என்றா ரீச்சர். ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் கரைந்து கண்ணாடியில் மூக்கு வரைக்கும் சிவப்பாக வழிந்தது. மனுசன் மாலையை இழுத்தார், அது சட்டத்தின் ஆணியில் சிக்கிக்கொண்டது.

"இஞ்சாருங்கோ, மெல்ல! படத்தையும் விழுத்திப்போடாதேங்கோ!"

"நீர் மாலை கட்டினனீரோ, கப்பல் கட்டினனீரோ?"

அந்த நேரம் பார்த்துக் கைத்தடிச் சத்தம் கேட்டது. படத்தில் இருந்த அதே சிரிப்பு, சுருக்கம் விழுந்து, வாசலில் நின்றது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

"நெத்தியிலை என்ன, இரத்தமோ?"

"இல்லை சின்யோரா, மரியாதை."

"செவ்வந்தி மாலையும் மரியாதையோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மன்னியுங்கோ. நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு நினைச்சிட்டன்" என்று அழுதேன்.

சின்யோராவின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறா என்று நினைத்தேன். இல்லை, தடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறா. "இஞ்சை கனபேர் அப்பிடித்தான் நினைக்கினம். மாலை போட்டது நீர் ஒராள்தான்!"

சொல்லிக்கொண்டே மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போடப் போனா. நான் பாய்ந்து அவவின் கையைப் பிடித்துவிட்டேன். காவல்காரர் திரும்பவும் சாவியைத் தொட்டார்.

"வேண்டாம் சின்யோரா! படத்துக்குப் போட்டதை உயிரோடை இருக்கிறவை போடக்கூடாது!"

"அப்ப உயிரோடை இருக்கிறவைக்கு?"

"புதுசு கட்டவேணும்."

அவ பையைத் திறந்து இருபது யூரோவை நீட்டினா. மனுசன் பல்லரோச் சந்தைப் பக்கம் ஓடிப்போய் வெள்ளைக் கார்னேஷன் வாங்கி வந்தார். நான் கட்டினேன். அவ பக்கத்தில் கதிரையைப் போட்டு, ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த மாலையோடுதான் முன்வரிசையில் இருந்து நடனம் முழுவதும் பார்த்தா. போகும்போது மிச்சக் காசு எட்டு யூரோவை நீட்டினேன். என் கையைத் தன் கையால் பொத்தினா.

"வைச்சிரும். செவ்வந்தி மாலைக்கு ஒருநாள் தேவைப்படும்."

வேலை போகவில்லை, பெர்மெஸ்ஸோவும் வந்துவிட்டது. அந்தக் காசு மட்டும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அவ எப்போதாவது வந்தால் முதலில் நடையைத்தான் பார்ப்பேன்: தடியை எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறா, முகம் வெளிறியிருக்கோ என்று. எந்தக் கடனும் கெதியாகத் தீர வேண்டும் என்று நித்திரை கெடுகிற நான், தீரவே கூடாது என்று கும்பிடுகிற ஒரே கடன் அந்த எட்டு யூரோ.