மூன்றாவது கையெழுத்து

அப்பா போன மாதம் பன்னிரண்டாம் தேதி இறந்தார். தியோடோர்ஸ் ஸ்குயிஞ்ச், எழுபத்தொன்பது வயது. மாவட்டப் பத்திரிகையில் "ஸ்காவ்தெனே பால் பண்ணையின் வெண்ணெய்ப் பரிசோதகர்" என்று இரண்டு வரி போட்டார்கள். பொய் இல்லை. ஆனால் நடுவில் ஏழு வருடம் அவர் அந்தப் பண்ணையில் இல்லை. ஏன் இல்லை என்பதை யாரும் எழுதவில்லை.

அம்மா நான் பள்ளியில் இருக்கும்போதே போய்விட்டாள். அதன் பிறகு வீட்டில் இருந்தது அப்பா, நான், அப்பா சேகரித்த பழைய பண நோட்டுகள்.

1919இல் எங்கள் நாடு புதிது. முந்தைய ஆண்டுதான் சுதந்திரம் அறிவித்திருந்தார்கள், சண்டை ஓயவில்லை, தலைநகர் ரீகாவிலிருந்து பணம் வரவில்லை. ஸ்காவ்தெனே நகரசபை தானே நோட்டு அடித்தது. காகிதம் கிடைக்காததால் பால் பண்ணையின் வெண்ணெய்த்தாளில் அச்சடித்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர்கள் கையால் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த ஆண்டு நோட்டுகளைத் திரும்ப வாங்கிச் சபைக் கட்டிடத்தின் அடுப்பிலேயே எரித்துவிட்டார்கள். தப்பியவை கொஞ்சம். இப்படிப் பல ஊர்களின் நோட்டுகள் அப்பாவிடம் இருந்தன, ஆனால் அவர் உயிர் எங்கள் ஊர் நோட்டில்தான்.

முதல் கையெழுத்து நகரத் தலைவருடையது. இரண்டாவது, ரொட்டிக்கடைக்காரர் லெப்பிக்ஸ். 1941 ஜூனில், நாட்டைப் பிடித்திருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி தேசியவாதிகள் என்று இருவரையும் குடும்பத்தோடு சரக்கு ரயிலில் ஏற்றி நாடுகடத்தியது. யாரும் திரும்பவில்லை. லெப்பிக்ஸின் கைக்குழந்தை ரயிலிலேயே இறந்தது என்று பின்னால் தெரிந்தது. மூன்றாவது கையெழுத்து வெறும் கிறுக்கல். சபைப் பதிவேடு இரண்டாம் உலகப் போரில் எரிந்துவிட்டதால் அது யார் என்று சொல்ல ஆளில்லை.

1948 அக்டோபரில் அப்பா கண்டுபிடித்தார். என் பிறப்புச் சீட்டை ஏதோ வேலைக்காக எடுத்தவர், ஜன்னலோரம் போய் நின்றுவிட்டார். அதில் மருத்துவச்சியின் கையெழுத்து. பெயர் வேறு, ஆனால் கடைசி எழுத்து கீழே இறங்கி இடப்பக்கம் திரும்பி மேலே வந்து முடியும் விதம் நோட்டில் இருப்பதேதான். கல்யாணத்துக்கு முந்தைய பெயரில் சபையில் இருந்திருக்கிறாள்.

எங்கள் தெருவில் நான்காவது வீடு. மருத்துவச்சி ஒட்டீலியா. அப்பாவைவிடப் பத்து வயது மூத்தவள். ஊரில் பாதிப் பேரை அவள்தான் பிடித்து வெளியே இழுத்தாள். மகன் போரில் போனபின் மருமகளும் இரட்டைக் குழந்தைகளும் அவளோடு இருந்தார்கள்.

அப்பா சீட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் போனேன். ஒட்டீலியா பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடா வெண்ணெய் மூக்கா. வாசனை புடிச்சுக்கிட்டே வந்துட்டியா?"

அப்பா இரண்டையும் மேசையில் வைத்தார். அவள் கண்ணாடி போடாமலே பார்த்தாள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினாள்.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்லக்கா."

"தியோடோர்."

"ரீகால ஸ்டாமர்ஸுக்கு ஒரு கடுதாசி மட்டும். இருபது வருஷமா நோட்டு மாத்திக்கிறோம். காலைலதான் போட்டேன். பேரு எழுதல."

"என்ன எழுதின, சொல்லு."

அப்பா சொன்னார். சேகரிப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான். கையில் இருப்பதை முழுதாகக் காட்டாமல், வாயில் எச்சில் ஊற வைப்பது. "மூன்றாவது கையெழுத்தின் ஆள் கிடைத்தாயிற்று. உயிரோடு எங்கள் தெருவிலேயே இருக்கிறார். உங்களிடம் இருக்கும் யெல்காவா ஊர் நோட்டை அனுப்புங்கள், பெயரை அனுப்புகிறேன்."

"எங்க தெருவுலயே," என்றாள் ஒட்டீலியா. "இந்தத் தெருவுல எத்தன வீடுடா?"

"பதினொண்ணு."

"அதுல அம்பது வயசுக்கு மேல எத்தன பேரு?"

உள்ளறையில் குழந்தைகள் எதற்கோ அடித்துக்கொண்டன. மருமகள் அதட்டினாள்.

"மோந்து பாக்க வேண்டியத மட்டும் மோந்து பாத்துட்டுப் போயிருக்கலாம் நீ," என்றாள் ஒட்டீலியா. திட்டக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டாமர்ஸ் பதில் போடவில்லை. நவம்பரில் அப்பா இன்னொரு கடிதம் போட்டார். அதற்கும் இல்லை. டிசம்பரில் அனுப்பிய வாழ்த்து அட்டை திறந்து ஒட்டிய உறையில் திரும்பி வந்தது.

ஜனவரியில் ஒருவர் வந்தார். ப்ரெய்சிஸ் என்று பேர் சொன்னார். நல்ல கம்பளிக் கோட்டு, சுத்தமான நகம். வாசலில் காலைத் தட்டிப் பனியை உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஸ்டாமர்ஸுக்கு உடம்பு சரியில்ல, தோழர் ஸ்குயிஞ்ச். அதான் நான் வந்தேன். நீங்க அவர்கிட்ட கேட்ட நோட்டு..." யெல்காவா நோட்டை மேசையில் வைத்தார். ஸ்டாமர்ஸ் அதை விற்க மாட்டார், இரவல்கூடத் தர மாட்டார். அப்பாவுக்கு அது தெரியும், வந்தவர் ரகசியப் போலீஸ் என்பதும் அதனால் புரிந்தது.

"இப்ப நீங்க பேரச் சொல்லணும்."

அப்பா நோட்டைத் தொடவில்லை. அவர் பார்வை ஒருமுறை என்மேல் வந்து போனது. பிறகு சிரித்தார்.

"பேரு என்னங்க பேரு. நான்தான் அது."

"நீங்களா? ஆள் கிடைச்சாச்சுன்னு எழுதியிருந்தீங்களே?"

"சரக்குக்கு மதிப்பு ஏத்த வேண்டாமா? நான்தான்னு எழுதினா ஸ்டாமர்ஸ் ஓசியிலயே கேப்பாரு."

ப்ரெய்சிஸும் சிரித்தார். பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தார். "அப்ப ஒரு கையெழுத்து."

எங்கள் ஊர் நோட்டுக்குப் போலிகள் உண்டு. போலியைக் கண்டுபிடிக்க அப்பா அந்தக் கிறுக்கலை வருடக்கணக்காக எழுதி எழுதிப் பார்த்திருந்தார். எனக்கு வரைபடம் நகலெடுப்பது வேலை. பார்த்துப் போடும் கை எங்காவது ஒரு நொடி தயங்கும், அங்கே மை தேங்கும். அப்பாவின் பேனா எங்கும் நிற்கவில்லை. கீழே இறங்கி, இடப்பக்கம் திரும்பி, மேலே வந்து முடிந்தது.

ப்ரெய்சிஸ் நெடுநேரம் பார்த்தார். தாளை மடித்தார். எங்கள் நோட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். கோட்டுப் பொத்தானைப் போட்டபடி கேட்டார்:

"பிள்ளைங்க?"

"ஒரே பொண்ணு."

"என்ன படிச்சிருக்காங்க?"

"நில அளவை."

"நல்ல படிப்பு. எங்க போனாலும் உதவும்."

அவர் போனபின் அப்பா ரொட்டி வெட்டினார். பிப்ரவரி முழுக்க அவர் என் பூட்ஸுக்குப் புது அடி தைத்தார். கம்பளிச் சட்டைகளுக்கு உள்துணி போட்டார். கொழுப்பை உப்பிட்டு டப்பாக்களில் அடைத்தார். எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகச் செய்தார். இரண்டு என்று நான் கவனித்தேன். கவனிக்காதது போல இருந்தேன்.

மார்ச் இருபத்தைந்து, காலை எட்டரைக்கு லாரி வந்தது. அதிகாரி பட்டியலைப் படித்தான். ஸ்குயிஞ்ச் தியோடோர்ஸ். ஸ்குயிஞ்ச் வெல்கா. தேசியவாதியும் குடும்பமும். ஒரு மணி நேரம் தந்தார்கள். எங்களுக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது.

லாரி நான்காவது வீட்டை நெருங்கியபோது வேகம் குறைந்தது. அப்பா பலகையை இறுகப் பிடித்தார். ஓட்டுநர் ஒரு பள்ளத்தைச் சுற்றினான், அவ்வளவுதான். வாசலில் ஒட்டீலியா இடுப்பில் ஒரு பிள்ளையும் காலடியில் ஒரு பிள்ளையுமாக நின்றாள். கையசைக்கவில்லை. பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆற்றுப் பாலம் தாண்டியபின் கேட்டேன்.

"அப்பா, அன்னிக்கு 'நான்தான்'னு சொன்னப்ப, என்னப் பத்தி யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன்."

"அப்புறம்?"

"அந்தப் பிள்ளைங்க ரெண்டும் ரயில்லயே போயிரும். நீ தாங்குவ."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்ப," என்றார். "அப்புறம் அது உன் பாரமா ஆகியிருக்கும்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரயிலில் ஓம்ஸ்க் போய்ச் சேரப் பதினாறு நாள் ஆனது, அதில் முதல் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. தாங்கினேன். ஆனால் சரி என்று சொல்லியிருப்பேனா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவரிடம் அதைச் சொல்லவேயில்லை.